வீட்டில் செய்த மெல்ட் அண்ட் போர் சோப்பு பேஸ் கெட்டியாகவில்லையா? காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

மெல்ட் அண்ட் போர் பேஸ், அதாவது உருக்கி அச்சில் ஊற்றிச் சோப்பாக்கும் மூலக்கட்டி, காய்ச்சி ஊற்றியாகிவிட்டது. ஆறியும்விட்டது. ஆனால் விரலால் அழுத்தினால் குழிகிறது, அச்சிலிருந்து எடுத்தால் ஓரம் பிய்ந்து வருகிறது, கத்தியில் ஒட்டிக்கொள்கிறது. இந்த நிலையில் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: மறுபடி உருக்கி, சோப்பைக் கெட்டியாக்கும் கொழுப்பமிலமான ஸ்டியரிக் அமிலத்தை ஒரு கை அள்ளிப் போடுகிறார்கள். அதுவரை சரிசெய்யக்கூடியதாக இருந்த பேஸ் பல சமயம் அங்கேதான் கெட்டுப்போகிறது.

பேஸ் மென்மையாக இருப்பதற்கு அடிப்படையில் மூன்று காரணங்கள் உண்டு. தண்ணீர் அதிகமாக இருக்கலாம். எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறாமல் மிச்சம் இருக்கலாம். கிளிசரின் போன்ற கரைப்பான்களோ, இளகிய சோப்பைத் தரும் எண்ணெயோ அளவை மீறியிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். அதனால் காரணம் தெரியும்வரை பாத்திரத்தில் எதையும் சேர்க்காதீர்கள். கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான்: முதலில் காத்திருத்தல், பிறகு கணக்கு, பிறகு சின்னச் சோதனை, கடைசியில்தான் மொத்த பேஸில் கைவைப்பது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

0.1 கிராம்வரை காட்டும் சிறிய தராசு ஒன்று, கிலோக் கணக்கில் நிறுக்கும் தராசு ஒன்று. சிறிய தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். 50 கிராம் மாதிரியில் அரை கிராம் காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக்கும் காரம், சோடியம் ஹைட்ராக்சைடு) கூடக்குறையப் போனாலே முடிவு தலைகீழாகிவிடும். கப், ஸ்பூன் அளவெல்லாம் இங்கே எடுபடாது.

வெப்பமானி, காய்ச்சி வடித்த நீர், ஒரே அளவுள்ள நான்கு சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிண்ணங்கள், அவற்றை வைத்துச் சூடாக்க வெந்நீர்ப் பாத்திரம், சிறிய அச்சுகள், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். காகிதம், நோட்டும் பேனாவும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடமாவது கழுவுங்கள். வினிகரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த நேரத்தில் காரம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

2. ஒரு முழு நாள் பொறுங்கள்

மேல்பக்கம் ஆறியதும் தொட்டுப் பார்த்து, மென்மையாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரு கிலோ பேஸைக் கட்டியாக ஊற்றினால் வெளியே ஆறிய பிறகும் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும்.

இந்த பேஸுக்குக் கெட்டித்தன்மையைத் தருவது பெரும்பாலும் ஸ்டியரிக், பாமிட்டிக் அமிலங்களின் சோடியம் சோப்புகள். ஆறும்போது அவை நுண்ணிய இழைகளாகப் படிந்து, கரைப்பான்களையும் நீரையும் தமக்குள் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பின்னல் இறுகுவதற்கு நேரம் வேண்டும். மூடிவைத்து, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஃப்ரீசரில் வைக்காதீர்கள். குளிரில் எந்த பேஸும் கெட்டியாகத்தான் தெரியும். வெளியே எடுத்ததும் அதன்மேல் ஈரம் படியும், கிளிசரின் அந்த ஈரத்தை உள்ளே இழுக்கும். கடைசியில் எது மூலக் குறை, எது நீங்கள் உண்டாக்கிய குறை என்று பிரிக்க முடியாது.

3. வியர்த்திருக்கிறதா, உண்மையிலேயே மென்மையா?

இரண்டும் வேறு. மேலே முத்து முத்தாக ஈரம், தொட்டால் பிசுபிசுப்பு, ஆனால் துடைத்துவிட்டு அழுத்தினால் உள்ளே கெட்டி என்றால் அது வியர்வை. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்ததால் வருவது. பேஸில் குறை இல்லை. துடைத்து, காற்று புகாத உறையில் இறுக்கமாகச் சுற்றிவைத்தால் போதும்.

நடுவில் வெட்டிப் பாருங்கள். வெட்டிய பக்கமும் மேல்பக்கம் போலவே குழைந்தால் அது உண்மையான மென்மை. வெட்டிய பரப்பில் எண்ணெய்ப் பசை மின்னுகிறதா, அடியில் எண்ணெயோ திரவமோ தேங்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். எண்ணெய் பிரிந்து நின்றால் காரணத்தில் பாதி அப்போதே தெரிந்துவிடும்.

வியர்வை துளி தண்ணீர் மாதிரி வழுக்கும். தண்ணீர் பட்டதும் கரைந்து போகும். எண்ணெய்த் துளி காகிதத்தில் தேய்த்தால் ஒளி ஊடுருவும் கறையாக நிற்கும், காய்ந்தாலும் போகாது. சந்தேகம் வந்தால் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துவிட்டு, காய்ந்த பிறகு பாருங்கள்.

4. எழுதிவைத்த கணக்கைத் திரும்பப் போடுங்கள்

பாதிப்பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும். ஆனால் பெரும்பாலானோர் தாண்டிப்போவதும் இந்த இடத்தைத்தான். ஓர் எடுத்துக்காட்டோடு போவோம்.

ஸ்டியரிக் அமிலம் 250 கிராம், தேங்காய் எண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். ஒரு கிராமைச் சோப்பாக்கத் தேவையான காஸ்டிக் சோடா முறையே சுமார் 0.148, 0.183, 0.128 கிராம். பெருக்கிக் கூட்டினால் 37 + 45.75 + 12.8, அதாவது ஏறக்குறைய 95.5 கிராம். 2 சதவீதம் எண்ணெய் மிச்சம் விடுவதானால் 93.6 கிராம். இதனுடன் தண்ணீர் 190, கிளிசரின் 170, ப்ரொப்பிலீன் கிளைக்கால் (கிளிசரின் போன்ற இன்னொரு கரைப்பான்) 120 கிராம் என்றால் மொத்தம் சுமார் 1,170 கிராம்.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்டியரிக் அமிலம். கடையில் வரும் ஸ்டியரிக் அமிலம் பெரும்பாலும் தனி ஸ்டியரிக் அல்ல; பாமிட்டிக் அமிலமும் கணிசமாகக் கலந்தது. தூய ஸ்டியரிக்குக்கு 0.141 போதும், கலந்ததற்கு 0.148 அளவுக்கு வேண்டும். உறையிலோ தரச்சான்றிலோ அமில எண் (ஒரு கிராம் அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் காஸ்டிக் பொட்டாஷ் வேண்டும் என்ற எண்) போட்டிருந்தால் அதை 0.000713ஆல் பெருக்குங்கள், கிராமுக்கு எவ்வளவு காஸ்டிக் சோடா என்பது வந்துவிடும். அமில எண் 208 என்றால் 0.148. ஊகத்தைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து காஸ்டிக் சோடாவின் வீரியம். டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். எடை அதேதான் காட்டும், ஆனால் அதில் ஒரு பங்கு இப்போது தண்ணீரும் சோடியம் கார்பனேட்டும். மேலே சொன்ன கணக்கில் வீரியம் 10 சதவீதம் குறைந்திருந்தால் 9.4 கிராம் பற்றாக்குறை. 9.4 கிராம் என்பது கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது சோப்பாக்கியிருக்க வேண்டிய எண்ணெய் சுமார் 59 கிராம்! 600 கிராமில் அவ்வளவு கொழுப்பு கலந்து நின்றால் பேஸ் எப்படி இறுகும்? மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால் அந்த டப்பாவை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாவது, எது காஸ்டிக் சோடா, எது காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) என்ற குழப்பம். இரண்டும் வெள்ளையாகவே இருக்கும். பொட்டாஷ் தரும் சோப்பு இயல்பிலேயே இளகியது. போதாததற்கு, ஒரே அளவு எண்ணெய்க்குப் பொட்டாஷ் 1.4 மடங்கு தேவைப்படும். சோடாவுக்கான அளவில் பொட்டாஷைப் போட்டிருந்தால் இளக்கமும் எண்ணெய் மிச்சமும் சேர்ந்தே வரும். லேபிளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான்காவது, கரையாமல் அடியில் தங்கிய காஸ்டிக். தண்ணீருக்குப் பதிலாகக் கிளிசரினில் கரைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். கிளிசரின் தடித்த திரவம் என்பதால் மணிகள் மெதுவாகத்தான் கரையும். ஊற்றிய பிறகு பாத்திரத்தின் அடியில் வெள்ளை மணி ஒட்டியிருந்ததா என்று நினைவுபடுத்துங்கள். நிறுத்தது சரியாக இருந்தாலும் எண்ணெயிடம் போய்ச் சேர்ந்தது குறைவு.

கடைசியாக, மிச்ச எண்ணெய் சதவீதம். சூடாக்கிக் காய்ச்சாமல் செய்யும் சோப்பில் 5 சதவீதம் விடுவது வழக்கம்; அந்தப் பழக்கத்தில் இங்கும் விடுகிறார்கள். மெல்ட் அண்ட் போர் பேஸுக்கு 0 முதல் 2 சதவீதம் போதும். மிச்ச எண்ணெய் பின்னலைத் தளர்த்தும், தெளிவையும் நுரையையும் குறைக்கும். தோலுக்கு இதம் வேண்டுமென்றால் அந்த வேலையைக் கிளிசரின் பார்த்துக்கொள்ளும்.

விளக்கெண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெளிவு கிடைப்பதால் பலர் அதைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அதன் சோப்பு எளிதில் கரையும், இளகும், அதிகமானால் ஒட்டும். கணக்கில் தவறே இல்லாமல் பேஸ் மென்மையாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய்க்கு எதிரே ஸ்டியரிக் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான்.

5. வெந்நீர்ச் சோதனை

10 கிராம் பேஸைச் சீவி, 50 கிராம் கொதிக்கும் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். சூடாக இருக்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக, அல்லது மிக மெல்லிய மங்கலோடு இருந்தால் எண்ணெய் பெரும்பாலும் சோப்பாகிவிட்டது. பால் போல வெளுத்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் மிச்சம் இருக்கிறது.

ஆறிய பிறகு பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோடியம் ஸ்டியரேட், அதாவது ஸ்டியரிக் அமிலத்தின் சோடியம் சோப்பு, குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாது; நல்ல பேஸ்கூட ஆறும்போது மங்கும், முத்துபோல மினுங்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரியும், அதை எண்ணெய் என்று தவறாக எண்ணிவிடுவீர்கள்.

ஒரு கிராம் பேஸை 99 கிராம் வடிநீரில் கரைத்து பி.எச். காகிதத்தையும் தொட்டுப் பாருங்கள். 9 முதல் 10 வரை சோப்புக்கு இயல்பு. 11ஐத் தொட்டால் காரம் மிச்சம் என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் அந்த பேஸைத் தோலில் போடக்கூடாது, மேற்கொண்டு காஸ்டிக் சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. சோப்பு நீரில் இந்தக் காகிதம் துல்லியமாகக் காட்டாது. பெரிய தவறு நடந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. நான்கு கிண்ணச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். 200 கிராம் பேஸ் செலவாகும், மீதி முழுவதும் பிழைக்கும்.

நான்கு கிண்ணங்களின் வெற்று எடையைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 50 கிராம் பேஸ் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வெந்நீரில் வைத்து 80 டிகிரியில் உருக்குங்கள்.

முதல் கிண்ணம்: ஒன்றும் செய்ய வேண்டாம். மூடியே இருக்கட்டும். உருக்கி ஆறவைத்தாலே கொஞ்சம் மாற்றம் வரும். மற்றவற்றை இதோடுதான் ஒப்பிட வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற மூன்றிலும் வரும் மாற்றத்துக்குப் பொருளே இருக்காது.

இரண்டாம் கிண்ணம்: மூடாமல் வைத்து, மெல்லக் கிளறி, எடை 50லிருந்து 45.5 கிராமாக இறங்கும்வரை ஆவியாக விடுங்கள். இங்கே போவது தண்ணீர். கிளிசரினின் கொதிநிலை 290 டிகிரி, ப்ரொப்பிலீன் கிளைக்காலுடையது 188 டிகிரி. இந்தச் சூட்டில் அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். நெடுநேரமாகியும் எடை இறங்க மறுத்தால் அதுவும் ஒரு செய்திதான்: போவதற்குத் தண்ணீர் அதிகம் இல்லை.

மூன்றாம் கிண்ணம்: 25 கிராம் காஸ்டிக் சோடாவை 75 கிராம் வடிநீரில் கரைத்து, அந்தக் கரைசலில் 1.6 கிராம் மட்டும் விடுங்கள். அதில் காஸ்டிக் 0.4 கிராம். நம் எடுத்துக்காட்டில் வந்த 9.4 கிராம் பற்றாக்குறை 50 கிராமுக்கு இவ்வளவுதான். உங்கள் கணக்கு வேறானால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நன்றாகக் கலக்கி, மூடி, 45 நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். வெந்நீர்ச் சோதனையில் தெளிவாக வந்த பேஸுக்கு இந்தக் கிண்ணம் தேவையில்லை.

நான்காம் கிண்ணம்: நன்றாகக் காய்ந்த, மணமோ நிறமோ சேர்க்காத கெட்டிச் சோப்பை மாவு போலத் துருவி 5 கிராம், அல்லது சோடியம் ஸ்டியரேட் தூள் 3 கிராம் சேர்த்து, மூடிவைத்துக் கரையவிடுங்கள்.

நான்கையும் ஒரே கனத்தில் அச்சில் ஊற்றி, அடையாளம் எழுதி, ஆறு மணி நேரம் அறை வெப்பத்தில் விடுங்கள். பிறகு கட்டைவிரலால் ஒரே மாதிரி அழுத்திப் பாருங்கள்.

இரண்டாவது கெட்டியானால் தண்ணீர்தான் காரணம். மூன்றாவது கெட்டியாகி, அதன் வெந்நீர்ச் சோதனையும் முன்பைவிடத் தெளிந்தால் எண்ணெய் மிச்சம். நான்காவது மட்டும் கெட்டியானால் கரைப்பானோ இளகிய எண்ணெயோ அதிகம். இரண்டாவதும் நான்காவதும் சமமாக வந்தால் இரண்டாவதன் வழியிலேயே போங்கள். அதில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, அதனால் புதுக் கோளாறு வர வழியும் குறைவு.

ஒன்றுக்கு மேல் காரணம் இருப்பதும் உண்டு. அப்போது வரிசை முக்கியம்: முதலில் காஸ்டிக் பற்றாக்குறை, அடுத்து தண்ணீர், கடைசியில் கெட்டிச் சோப்பு. காஸ்டிக் கரைசல் தன்னோடு தண்ணீரையும் கொண்டுவருகிறது; அதைச் சேர்த்து முடித்த பிறகுதான் ஆவியாக்க வேண்டும். மிச்ச எண்ணெயும் தண்ணீரும் விலகிய பிறகுதான் கெட்டிச் சோப்பு எவ்வளவு வேண்டும் என்பதே தெரியும்.

7. தண்ணீர் அதிகம் என்றால்

வாயகன்ற பாத்திரத்தில், வெந்நீருக்குமேல் வைத்து, 80 முதல் 85 டிகிரியில் மூடாமல் உருக்குங்கள். தொடக்கத்திலேயே பாத்திரத்தோடு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துடைத்து எடை பாருங்கள். எவ்வளவு போயிருக்கிறது என்பதைத் தராசுதான் சொல்லும், கண் சொல்லாது.

இரண்டாம் கிண்ணத்தில் 9 சதவீதம் இறக்கினோம் என்பதற்காக இங்கேயும் நேராக 9க்குப் போக வேண்டாம். 5 சதவீதம் இறங்கியதும் ஒரு கரண்டி எடுத்து அச்சில் ஊற்றி ஆறவைத்துப் பதம் பாருங்கள். போதாது என்றால் இன்னும் கொஞ்சம். தண்ணீரும் இதில் ஒரு கரைப்பான்தான். அளவுக்கு மீறிப் போனால் பேஸ் மங்கும், நொறுங்கும், அடுத்த தடவை உருக்கும்போது கட்டி தட்டும்.

கொதிக்கவிடாதீர்கள், வேகமாக அடித்துக் கலக்காதீர்கள். இரண்டிலும் காற்று புகுந்து நுரை நிற்கும். மேலே ஆடை படிந்தால் கடைசிப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். சூட்டில் அது தானாகக் கரையும்.

எத்தனால் சேர்த்த பேஸாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், அதன் ஆவி தீப்பற்றும். திறந்த அடுப்பு கூடாது. தீ எதுவும் எரியாத, காற்றோட்டமுள்ள இடத்தில், மின்சார ஹாட் பிளேட்டில் கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் வைத்து உருக்குங்கள். தண்ணீருக்கு முன்னால் எத்தனால் போய்விடும் என்பதால் தெளிவு குறைவதையும் எதிர்பாருங்கள்.

8. எண்ணெய் மிச்சம் என்றால்

மூன்றாம் கிண்ணத்தின் கணக்கை மொத்த எடைக்குப் பெருக்குங்கள். மாதிரிகள் போக 970 கிராம் இருந்தால் 970 ÷ 50 × 0.4, அதாவது 7.8 கிராம் காஸ்டிக் சோடா. 25 சதவீதக் கரைசலாக 31 கிராம்.

இதில் பாதியை முதலில் விடுங்கள். 80 டிகிரியில் உருகிய பேஸில் நூல் போல ஊற்றிக்கொண்டே கிளறி, மூடி, 45 நிமிடம் வையுங்கள். பிறகு வெந்நீர்ச் சோதனை. இன்னும் பாலாக இருந்தால் மீதியில் பாதி, மறுபடி 45 நிமிடம். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் காரம் குறைந்த பேஸ் இளகும், அவ்வளவே. காரம் மிஞ்சிய பேஸ் தோலை எரிக்கும். அவசரப்படாமல் இருக்க இந்த ஒரு காரணம் போதும்.

ஸ்டியரிக் அமிலம் காஸ்டிக்கைத் தொட்டதும் சோப்பாகிவிடும், ஏனென்றால் அது ஏற்கெனவே தனி அமிலம். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் அப்படியல்ல. உடைந்து மாற நேரமும் சூடும் வேண்டும். பேஸ் சட்டென்று கெட்டியானதைப் பார்த்து வேலை முடிந்தது என்று இறக்கிவிடுவது இதனால்தான் நடக்கிறது. ஸ்டியரிக் முடிந்திருக்கும், எண்ணெய் பாதியில் நிற்கும். சில சமயம் காஸ்டிக் சேர்க்கவே வேண்டாம். மூடி இன்னும் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்தாலே சரியாகிவிடும். முதலில் 50 கிராமில் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கைதவறிக் காரம் மிஞ்சிவிட்டால்? ஒரு கிராம் காஸ்டிக்கை அடக்கச் சுமார் 6.8 கிராம் ஸ்டியரிக் அமிலம் வேண்டும். உருக்கி, சிறுகச் சிறுகச் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள். ஸ்டியரிக் அமிலத்தைத் தனியாகச் சேர்க்கலாம் என்று நான் சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

9. கரைப்பானோ இளகிய எண்ணெயோ அதிகம் என்றால்

கிளிசரினை ஆவியாக்கி வெளியேற்ற முடியாது. கெட்டிச் சோப்பின் பங்கைக் கூட்டுவதுதான் வழி.

சுலபமானது சோடியம் ஸ்டியரேட். ஆயத்தமான சோப்பு என்பதால் காஸ்டிக் கணக்கு கிடையாது. ஒரு கிலோவுக்கு 30 கிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 60 கிராம்வரை போகலாம். தூளை நேரே கொட்டினால் உருண்டை கட்டும். கொஞ்சம் கிளிசரினில் குழைத்து விடுங்கள்.

அது கிடைக்காவிட்டால் ஸ்டியரிக் அமிலத்தையும் அதற்குரிய காஸ்டிக்கையும் சேர்த்தே போட வேண்டும். ஒரு கிலோ பேஸுக்கு 60 கிராம் ஸ்டியரிக் என்றால் 60 × 0.148 = 8.9 கிராம் காஸ்டிக் சோடா, அதைக் கரைக்க 18 கிராம் வடிநீர். ஸ்டியரிக்கைத் தனியே உருக்கி, 80 டிகிரி பேஸில் ஊற்றித் தெளியும்வரை கலக்குங்கள். அதன் பிறகே காஸ்டிக் கரைசலை நூல் போல விடுங்கள். அமிலம் பாத்திரம் முழுவதும் பரவியிருந்தால்தான் காஸ்டிக் ஓரிடத்தில் தேங்காது. விழுந்த இடத்தில் வெள்ளையாகத் திரளும், பதற வேண்டாம். மூடி அரை மணி விட்டால் கரைப்பான்கள் அதைக் கரைத்துக்கொள்ளும். முடிந்ததும் பி.எச். பாருங்கள்.

துருவிய சோப்பும் சேர்க்கலாம். ஆனால் தெளிவு போய்விடும். வெள்ளை பேஸுக்குப் பரவாயில்லை, கண்ணாடி போன்ற பேஸுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

10. பேஸ் நன்றாக இருந்தது, சோப்பு செய்த பிறகுதான் இளகியது என்றால்

பேஸைக் குறை சொல்லாதீர்கள். உருக்கியபோது சேர்த்ததைப் பாருங்கள். 100 கிராம் பேஸுக்கு எண்ணெய் ஒரு கிராமுக்கு மேல் போனாலே இளகத் தொடங்கும். அதைச் சோப்பாக்கக் காஸ்டிக் எதுவும் மிச்சமில்லை, எண்ணெய் எண்ணெயாகவேதான் நிற்கும். கற்றாழைச் சாறு, பால், பன்னீர், தேன் எல்லாமே உள்ளே தண்ணீரையோ சர்க்கரையையோ கொண்டுபோகின்றன. புதிய பழச்சாறும் பாலும் சேர்த்தால் கெட்டுப்போகும் அபாயம் வேறு.

சேர்த்த எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை. எதுவும் சேர்க்காத அதே பேஸை மூன்று மடங்கு கலந்து நீர்க்கச் செய்வதுதான் தீர்வு.

11. போடவே கூடாதவை

உப்பு. மற்ற சோப்பு வகைகளில் கெட்டியாக்கும் என்று கேள்விப்பட்டு இதில் போடுகிறார்கள். இங்கே அது சோப்பைக் கரைசலிலிருந்து பிரித்துவிடும்; பேஸ் மங்கி, திரிதிரியாகப் போகும்.

தேன்மெழுகு. கெட்டியாகத் தோன்றும், ஆனால் நுரையை அமுக்கும், தெளிவைக் கெடுக்கும். மூலக் குறை அப்படியே உள்ளே இருக்கும்.

சோள மாவு, களிமண் போன்ற பொடிகள். திரவத்தை உறிஞ்சுவது போலத் தெரியும். உருக்கும்போதெல்லாம் அடியில் படியும்.

12. விட்டுவிட வேண்டிய நேரம்

காஸ்டிக் பொட்டாஷ் மாறிப் போயிருந்தால் கெட்டி பேஸாக்கப் போராடாதீர்கள். காரப் பற்றாக்குறைக் கணக்கைச் சரிசெய்து, காரம் இல்லை என்று உறுதியானதும், வடிநீரில் கரைத்துத் துணி துவைக்கும் கூழாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன சேர்த்தோம் என்று எழுதிவைக்காத பேஸையும் திருத்தப் போராடாதீர்கள். கணக்கில்லாத பேஸில் காஸ்டிக் சேர்ப்பது ஆபத்து. எண்ணெய் கெட்ட சிக்கு வாடை, கருத்த நிறம் வந்துவிட்டால் எந்தத் திருத்தமும் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

13. அடுத்த தடவை காய்ச்சும்போது மாற்ற வேண்டியவை

காஸ்டிக் சோடாவைப் புதிய டப்பாவிலிருந்து நிறுங்கள். மீதியைச் சின்னச் சின்னக் காற்றுப்புகாத டப்பாக்களில் பிரித்துவைத்தால் ஒவ்வொன்றும் சில தடவைதான் திறக்கப்படும்.

எண்ணெய் வகைகள் முழுவதும் சோப்பாகி, வெந்நீர்ச் சோதனையில் தேறிய பிறகே கிளிசரினையும் மற்ற கரைப்பான்களையும் ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் எல்லாம் தெளிவாகத் தெரியும். மிச்ச எண்ணெயும் அந்தத் தெளிவுக்குள் ஒளிந்துகொள்ளும். கிளிசரினிலேயே காஸ்டிக்கைக் கரைக்கும் முறையானால், அடியில் ஒரு மணிகூட இல்லை என்று பார்த்த பிறகே எண்ணெயில் சேருங்கள்.

கரைப்பான்களை ஒரே தடவையில் முழுவதும் ஊற்றாமல் ஐந்தில் ஒரு பங்கை நிறுத்திவையுங்கள். ஒரு கரண்டி அச்சில் ஊற்றிப் பதம் பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள். கூட்டுவது எளிது, குறைப்பதுதான் கடினம் என்பதை மேலே ஒன்பதாம் பகுதி முழுக்கப் பார்த்தோம்.

காய்ச்சி முடித்ததும் மொத்த எடையை எழுதிவையுங்கள். போட்ட பொருள்களின் கூட்டலிலிருந்து அதைக் கழித்தால் எவ்வளவு தண்ணீர் ஆவியானது என்பது தெரியும். ஒரு தடவை நல்ல பதம் கிடைத்துவிட்டால், அடுத்த தடவை அதே இறுதி எடை வரும்வரை காய்ச்சினால் தண்ணீர் விஷயத்தில் ஏறக்குறைய அதே பதம் திரும்பக் கிடைக்கும். ஆறி இறுகியதும் அன்றே இறுக்கமாகச் சுற்றி, நாளும் அளவுகளும் எழுதிய துண்டுச்சீட்டை அதன்மேல் ஒட்டிவிடுங்கள்.